மாப்பிள்ளை குடித்த டீசல்

டயரில் சாக்பீஸ் கோடு போட்டபோது பட்டறையில் இருந்தவர்கள்:

அண்ணன். கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவன். வண்டிக்குச் சொந்தக்காரன்.

தங்கை. கவிழ்த்துப் போட்ட ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அண்ணன்தான் வரச் சொல்லியிருந்தான். "நாளைக்கு நான் ஏதோ இட்டுக்கட்டினேன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

மாப்பிள்ளை. தங்கையின் புருஷன். வண்டியின் டிரைவரும் அவன்தான். வண்டிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பல்லு. பட்டறைக்காரர். வாயில் பாதிப் பல் கிடையாது. எந்த வண்டி வந்தாலும் கியர் பல்லைப் பற்றித்தான் முதலில் பேசுவார். இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெயர்.

அப்புறம் வண்டி. வெள்ளை பிக்கப். டீசல் டேங்கின் மூடியில் ஒரு புதுப் பூட்டு.

அந்தப் பூட்டிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

கடையிலிருந்து டைல்ஸ் பெட்டி, சிமெண்ட் மூட்டை, குழாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே மேட்டில் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்குப் போகிற வண்டி அது. மேட்டுப் பாதை முழுக்கக் கல். வண்டியின் வயிறு உரசி உரசி ஒருமுறை எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சட்டியே கிழிந்தது. அதன் பிறகுதான் அண்ணன் பெரிய டயர் போட்டான். கல்லுக்காக என்றான். பாதிதான் உண்மை. மீதி, வண்டி நிற்கிற நிற்பு அவனுக்குப் பிடித்துப்போனது. டயர் மாட்டிய அன்று நாலு பக்கமும் சுற்றிவந்து கைபேசியில் படம் எடுத்தான்.

"முதலாளி, செருப்பை மட்டும் மாத்திட்டீங்க. உள்ள பல்லையும் மாத்தணும்" என்று அன்றைக்கே சொன்னார் பல்லு. பின் அச்சுக்குள் இருக்கும் பல் சக்கர ஜோடியைத்தான் சொன்னார். பெரிய டயரை அதே எஞ்சின் இழுக்க வேண்டுமானால் அந்த ஜோடியை மாற்ற வேண்டும்.

"உங்களுக்கு இல்லாததையெல்லாம் என் வண்டியில மாட்டப் பாக்குறீங்க" என்று அண்ணன் சிரித்தான். மாற்றவில்லை.

முன்னால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, ஒன்பதுக்கு வந்து நின்றது.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கைக்குக் கல்யாணமான மறு வாரமே அதைச் சொல்லிவிட்டான். "வீட்டுல நீங்க மாப்பிள்ளை. கடையில டிரைவர். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. என்ன மாப்பிள்ளை?" அது வேடிக்கைப் பேச்சு இல்லை. வீட்டில் 'மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க' என்பான். அரை மணி கழித்துக் கடை வாசலில் 'டிரைவர், எங்கய்யா போய்த் தொலைஞ்ச?' என்பான். இரண்டு வாய் உள்ளவன்போல இருக்கும். மாப்பிள்ளை அதற்கும் பழகிக்கொண்டான். அண்ணன் வீட்டு மாடியில்தான் அவனும் தங்கையும் மகளும் குடியிருந்தார்கள். விடிவதற்குள் லோடுக்குக் கிளம்புவான். மாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவள் உள்ளே பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படியிறங்குவான். ஒரு நாளும் அது தப்பியதில்லை.

மைலேஜ் இறங்கியதும் கடையில் பேச்சு தொடங்கியது.

"டிரைவர், வண்டியில எலி ஏதாவது இருக்கா?"

"இல்லையே மச்சான்."

"கடையில மச்சான் கிடையாது. எலி இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. டீசல் குடிக்கிற எலி. ரெண்டு கால்."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் அவர்களும் சிரிக்க வேண்டும். மாப்பிள்ளையும் சிரித்து வைத்தான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு. சிரித்தவன் ஒப்புக்கொண்டவன் மாதிரி ஆகிவிட்டான்.

போகப் போக எலி வீட்டுக்கும் வந்தது. சாப்பிடும்போது அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டு பரிமாறினாள். முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை அதைக் கவனித்தாள். அன்றைக்கு மாடியில் கதவைச் சாத்திவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"ஒத்துக்கோங்க."

"எதை?"

"கொஞ்சமா எடுத்தேன்னு சொல்லிடுங்க. அண்ணன் கோபம் பொங்குன பால் மாதிரி. ஒரு கை தண்ணி தெளிச்சா அடங்கிடும். இல்ல இல்லன்னா இன்னும் பொங்கும்."

"எடுக்காததை எப்படி எடுத்தேன்னு சொல்றது?"

"வாயாலதான்."

அவன் அவளையே பார்த்தான். அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "இந்த வீட்டுல நாம நிம்மதியா இருக்கணும்ல" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கீழே கூடத்தில் அண்ணன், அண்ணி, தங்கை எல்லோரும் இருக்க, மகள் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை சொன்னான்: "கொஞ்சம் எடுத்தேன் மச்சான். இனிமே எடுக்க மாட்டேன்."

அண்ணன் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். மன்னிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் ஒரு மினுமினுப்பே வந்துவிட்டது. "நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும் மாப்பிள்ளை. அடுத்தவனா இருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். விட்டுத்தள்ளுங்க" என்றான். விட்டுத் தள்ளிவிட்டு மறுநாள் டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கினான். சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டான். இனி அவனே பெட்ரோல் பங்குக்கு வந்து டீசல் போட்டுப் பூட்டிவிட்டுப் போவான் என்று ஏற்பாடு.

பால் அடங்கியது. தங்கை சொன்னபடியே நடந்தது. ஒரு விஷயம் தவிர. பள்ளிக்கூடம் போகிற வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, மாமா டீசலை நீங்க எதுக்கு எடுத்தீங்க? உங்களுக்கு வேணும்னா கேக்க வேண்டியதுதானே?" அவன் அவள் புத்தகப் பையின் வாரைச் சரிசெய்தான். 

பூட்டுப் போட்ட பிறகும் வண்டி ஒன்பதுதான் கொடுத்தது.

இங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். எடுத்தேன் என்று சொன்னபோதும் ஒன்பது, எடுக்க மாட்டேன் என்று சொன்ன பிறகும் ஒன்பது. அப்படியானால் இன்னும் எடுக்கிறான். பூட்டையும் மீறி எடுக்கிறான். கொடுத்த வாக்கும் பொய். மன்னித்தவனுக்கு வருகிற கோபம் மற்றக் கோபம் மாதிரி அடங்காது. "டேங்குக்கு அடியில எங்கேயோ குழாய் செருகியிருக்கான். பிரிச்சுப் பாத்துடுவோம். எல்லார் கண்ணு முன்னாலயும் பாப்போம்" என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னான்.

பல்லு வண்டிக்கடியில் படுத்தார். டேங்கைத் தட்டினார். குழாய்களைத் தடவினார். ஒட்டு இல்லை, ஓட்டை இல்லை, செருகல் இல்லை. வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"குழாயெல்லாம் சுத்தம் முதலாளி. குழந்தை குடிக்கலாம்."

"அப்ப டீசல் எங்க போகுது?"

பல்லு பட்டறைக்குப் பின்னால் போனார். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இதே வண்டியில் முன்னால் இருந்தது. பெரிய டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னார். டயரின் கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. பிறகு பழைய டயரிலும் ஒரு கோடு போட்டு, முதல் கோட்டிலிருந்து கையால் ஒரு சுற்று உருட்டினார்.

பழைய டயர் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கேயும் ஒரு கோடு போட்டார்.

"சுத்துக்கு ஒரு சாண்" என்றார் பல்லு. "உங்க மீட்டர் ரோட்டைப் பாக்காது முதலாளி. அதுக்குக் கண்ணு இல்ல. உள்ள தண்டு எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் எண்ணும். நீங்க பத்து கிலோமீட்டர் போனா அது ஒன்பதுன்னு எழுதும். டீசல் பத்துக்குச் செலவாகும். கணக்கு ஒன்பதுக்குப் போடுவீங்க."

அண்ணன் தரையில் கடைசியாகப் போட்ட இரண்டு கோடுகளுக்கும் நடுவே காலை வைத்துப் பார்த்தான். செருப்பு அந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்தியது.

"சரி. ஒன்பதைப் பத்துன்னே வச்சுக்குவோம். பன்னிரண்டு வரலையே? மிச்சம் யார் வயித்துல?"

"அதுக்குத்தான் பல்லை மாத்தச் சொன்னேன்."

"நீங்க எப்பவும் அதையேதான் சொல்வீங்க. டிரைவருக்கு வேண்டியவர் வேற."

பல்லுவின் முகம் சுருங்கியது. "அப்ப ஒன்னு செய்ங்க. டேங்க் வழிய வழிய ரொப்புங்க. லோடு ஏத்தியே இருக்கு. நீங்களே ஓட்டுங்க. மேட்டு வரைக்கும் போய் வந்து மறுபடி ரொப்புங்க. டிரைவர் இங்கயே இருக்கட்டும். அவர் இல்லாத வண்டி எவ்வளவு குடிக்குதுன்னு பாத்துடலாம். நானும் வர்றேன், துணைக்கு."

அண்ணன் சாவியை மாப்பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மீட்டரை இரண்டு தரம் பார்த்துக்கொண்டான். வண்டி கிளம்பிப் போனது.

பட்டறையில் தங்கையும் புருஷனும் மட்டும் மிஞ்சினார்கள். எங்கோ காற்று அடிக்கிற எந்திரம் விட்டு விட்டுச் சீறியது. அவன் பழைய டயரை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். உள்ளேயிருந்து அழுக்குத் தண்ணீர் கொட்டிச் சாக்பீஸ் கோட்டின் ஒரு முனை கரைந்தது.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். ஒன்னு கேக்கவா?"

"கேளுங்க."

"அன்னைக்கு என்னை ஒத்துக்கச் சொன்னியே. நான் எடுக்கலைன்னு தெரிஞ்சு சொன்னியா? எடுத்திருப்பேன்னு நினைச்சுச் சொன்னியா?"

அவள் உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்தான். அவனைச் சொல்ல வைத்தாளே, அதைவிடச் சின்னப் பொய். ஆனால் அவள் யோசித்தாள். அவன் அந்த யோசனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். "அண்ணன் அவ்வளவு உறுதியாச் சொல்லுச்சு. நீங்களும் கடையில சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களாம். நான் என்னத்தைக் கண்டேன்? எடுத்திருந்தாலும் பரவாயில்லைன்னுதான் நினைச்சேன். சத்தியமா. எடுத்திருந்தாலும் நீங்க என் புருஷன்தானே."

"ம்."

"கோபமா?"

"இல்ல. கேட்டேன், அவ்வளவுதான்."

 அவன் சாக்பீஸ் துண்டை எடுத்துக் கரைந்த கோட்டை மறுபடி இழுத்துவிட்டான். அளவு மாறாமல் இழுத்தான்.

வண்டி திரும்பி வந்தபோது அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பல்லு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"மேட்டுல டாப் கியர் போட்டுப் பாருங்கன்னேன். போட்டார். வண்டி கிழவனாட்டம் இருமுது. மூணுக்கு இறக்கினார். அப்புறம் மேடு முடியுற வரைக்கும் மூணுதான். எஞ்சின் கத்துன கத்துல எதுக்க வந்த மாடே ஒதுங்கிடுச்சு. திரும்பி வந்து பங்குல ரொப்பினோம். மீட்டர் கணக்குக்கு எவ்வளவு? நீங்களே சொல்லுங்க முதலாளி."

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"ஒன்பது!" என்றார் பல்லு. "டிரைவர் இல்லாமலே வண்டி டீசலைத் திருடிடுச்சு. கியர் நாலு இருக்கு, அதுல டாப்பு பேருக்குத்தான். டயர் பெருசானா ஒவ்வொரு கியரும் நீளமாயிடும். எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பு பத்தாது. சின்னக் கியர்லயே கிடந்து குடிக்கும். டயர் கனம் வேற. யாரும் எதையும் எடுக்கல முதலாளி. செருப்பு பெருசு, அவ்வளவுதான்."

அண்ணன் வண்டியின் மீது சாய்ந்தான். கொஞ்ச நேரம் பெரிய டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முட்டாள் இல்லை. தானே ஓட்டிப் பார்த்ததை இல்லை என்று சொல்கிறவனும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிடுவானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னீங்க?"

மாப்பிள்ளை கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"எடுக்காதவர் எதுக்கு எடுத்தேன்னு சொல்லணும்? யாராவது கத்தி வச்சாங்களா?"

தங்கை ஆயில் டின்னின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தால் போதும். நான்தான் சொல்லச் சொன்னேன், மூன்று வார்த்தை. அவள் அண்ணனின் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாமச் சொல்லிட்டேன்" என்றான்.

பல்லு நிலைமையை இளக்கப் பார்த்தார். "செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குன ஆளை இப்பத்தான் பாக்குறேன். செலவாகாத மன்னிப்பு ஒன்னு கையில இருக்கு தம்பி, இனிமே ஒரு தப்பு தாராளமா செய்யலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

"மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "ஒன்னு மட்டும் செய்ங்க. வீட்டுல சொல்லிடுங்க. அன்னைக்கு யார் யார் முன்னாடி நான் சொன்னேனோ, அவங்க முன்னாடி. நான் எடுக்கலைன்னு. பாப்பா இருக்கிறப்ப சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது? எடுத்தேன்னு சொன்னது நீங்க. எடுக்கலைன்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு சொல்லணும். திருடன்னு சொல்றதுக்குப் பதிலாப் பொய்யன்னு சொல்லவா? பிள்ளைகிட்ட?"

"சொல்லுங்க."

"விடுங்க மாப்பிள்ளை. முடிஞ்சதைக் கிளறாதீங்க. பல்லையும் மாத்திடுவோம். எல்லாம் சரியாயிடும்."

"சரி. அந்தப் பூட்டையாவது கழட்டுங்க."

அண்ணன் டேங்க் மூடியைப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான். "அது இருந்துட்டுப் போகட்டுமே. அது என்ன, சோறா கேக்குது? பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எடுக்காததை எடுத்தேன்னு என் கண்ணைப் பாத்துச் சொன்னீங்க. நானும் நம்பினேன். இனிமே நீங்க எடுக்கலைன்னு சொன்னா எதை வச்சு நம்புறது? பூட்டு இருந்தா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலை மாற்றினான். "சரி டிரைவர், லோடை இறக்கணும். கிளம்பு."

மாப்பிள்ளை கிளம்பினான். ஆனால் வண்டி பக்கம் போகவில்லை. பட்டறை வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கி நடந்தான். பல்லு அவன் பின்னால் கொஞ்ச தூரம் போய் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "தெரிஞ்ச லாரி ஆபீஸ் ஒன்னு சொல்லியிருக்கேன்" என்று தங்கையிடம் சொன்னார். "தொலைதூர லோடு. நீங்க நினைச்சா தடுக்கலாம்மா."

அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் மாடியில் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தான். அதிகம் இல்லை. நாலு சட்டை, போர்வை, சவரக் கத்தி. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அதற்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்படுகிறவன் மாதிரி இருந்தான்.

"எப்ப வருவீங்க?"

"லோடு எங்க போகுதோ அதைப் பொறுத்து."

"நானும் பாப்பாவும்?"

"இங்கயே இருங்க. உங்களை யாரும் ஒன்னும் சொல்லலையே."

"நான் இப்பவே கீழ போய் அண்ணன்கிட்ட சொல்லிடுறேங்க. நான்தான் உங்களை ஒத்துக்கச் சொன்னேன்னு. அது திட்டட்டும், அடிக்கட்டும்."

"சொல்லு. அது உங்க அண்ணனுக்குப் போய்ச் சேர வேண்டியது. எனக்கு வேண்டியதை நீ பட்டறையிலயே சொல்லிட்ட."

அவள் அழவில்லை. அழுதால் அவன் நிற்பான் என்று தெரியும். அப்படி நிற்க வைத்தால் அதுவும் வாயால் வாங்கிய ஒப்புதல் மாதிரிதான். ஒருமுறை வாங்கிப் பார்த்தாகிவிட்டது.

"பாப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னால் தள்ளி மறுபடி இழுத்தான். "எடுக்கலைன்னு சொல்லு" என்றான். "உனக்குத் தெரிஞ்சுதான் சொல்றேன்னு சொல்லு. இப்பதான் தெரியுதே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம், தினமும் நிற்கிற இடத்தில் நின்றான். பழக்கம்தான். பூட்டுகிற சத்தம் கேட்காமல் அவன் படியிறங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பூட்டாமல் இருந்தால் அங்கேயே நிற்பான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான். அவள் சாவியில் கையை வைத்தபடி நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. அவன் சட்டையின் தோள்பட்டை தெரிந்தது. பை வாரின் கீழே பட்டறைக் கறை.

கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம். பெரிய டயர் கல்லை நசுக்கும் சத்தம். வண்டிக் கதவை அடித்துச் சாத்தும் சத்தம். லோடை இறக்கிவிட்டு அண்ணனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"யாரு படியில நிக்கிறது?" என்று கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. "தோள்ல என்ன பையி?"

அவள் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள்.